அத்தர் முதலா, ஒயின் முதலா: ஒரு கப்பல் நாளின் நிகழ்வு ஆய்வு

மரினா பே உல்லாசக் கப்பல் முனையத்தில் காலை எட்டு மணிக்கு வந்து மாலை ஆறு மணிக்குப் புறப்படும் கப்பலிலிருந்து இறங்குகிறவர், தமக்குச் சிங்கப்பூரில் பத்து மணி நேரம் கிடைத்திருப்பதாக எண்ணிக்கொள்கிறார். குடிநுழைவு வரிசையிலும் பாதுகாப்புச் சோதனையிலும் கரைவதைக் கழித்து, புறப்பாட்டுக்கு வெகு முன்பே கப்பலில் ஏறிவிட வேண்டும் என்ற கட்டாயத்தையும் கழித்தால், கையில் நிற்பது ஏழு மணி நேரம். அந்த ஏழு மணி நேரத்துக்குள் உணவு, ஒயின், நறுமணம், ஓவியம் ஆகிய நான்கையும் எட்டுப் பேருக்கு மட்டுமான தனி ஏற்பாடாகத் தர நாங்கள் முயன்ற இரண்டு நாள்களை இங்கே பதிவு செய்கிறேன். முதல் நாள் சறுக்கியது. இரண்டாம் நாள் பெரும்பாலும் தேறியது. இரண்டிலும் இடங்கள் ஏறக்குறைய அவையே, சமையலும் அதே கைதான். மாறியது வரிசை மட்டும்.

நாங்கள் என்றால் இருவர். நான் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்தின் உரிமம் பெற்ற வழிகாட்டி. என்னுடன் பணிபுரியும் அக்கா பல ஆண்டுகள் ஒரு ஹோட்டலின் பானப் பிரிவில் இருந்துவிட்டு வந்தவர். பயணத்தை விற்பதற்கான முகவர் உரிமம் எங்களிடம் இல்லை என்பதால், அதை வைத்திருக்கும் ஒரு சிறு நிறுவனத்தின் வழியாகவே முன்பதிவு நடக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வீட்டில் சமைத்துப் போட்டு, நான்கு இடத்தைக் காட்டிவிட்டால் தொழில் நடந்துவிடும் என்று எண்ணி எங்களிடம் ஆலோசனை கேட்டு வரும் இளையர்கள் இருக்கிறார்கள். வழிகாட்ட ஓர் உரிமம், பயணத்தை விற்க வேறோர் உரிமம், மதுவை விற்க மூன்றாவதோர் உரிமம் வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு மேசையில் காசு வாங்கிக்கொண்டு ஒயின் ஊற்ற முடியாது. ஆகவே விருந்தை நாங்கள் லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலைக்குப் பக்கத்துத் தெருவொன்றில், மது விற்க உரிமம் பெற்ற சிறிய உணவகத்தின் மாடியறையில் வைத்துக்கொள்கிறோம். கடைவீட்டின் பழைய மாடி அது. பத்துப் பேர் உட்காரலாம், பதினோராவது ஆள் வந்தால் கதவைத் திறந்து வைக்க வேண்டும்.

வந்தவர்கள்

முதல் குழு கோயம்புத்தூரைச் சேர்ந்த நான்கு தம்பதியர். ஒரே கல்லூரியில் படித்து, ஐம்பதுகளின் பிற்பகுதியில் சேர்ந்து ஊர் சுற்றத் தொடங்கியவர்கள். கொச்சியில் கப்பலேறி, லங்காவியையும் கிள்ளான் துறைமுகத்தையும் தொட்டுவிட்டு ஒரு சனிக்கிழமை காலையில் இங்கே வந்தார்கள். அன்று மாலையே வியட்நாம் நோக்கிப் பயணம். இருவர் சைவம். ஒருவர் மது தொடாதவர். ஓர் அம்மையாருக்குக் கோவிட் தொற்றுக்குப் பிறகு மோப்பம் முழுமையாகத் திரும்பவில்லை என்று முன்பதிவுக் குறிப்பில் எழுதியிருந்தார்கள். அதைப் படித்தபோது, வாசனையையே நடுவில் வைத்த ஒரு நாளில் இவருக்கு என்ன கொடுப்பது என்று நான் கவலைப்பட்டேன். அந்தக் கவலை தேவையற்றதாகிப் போன விதத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் இடர் கரையிலேயே வந்தது. குழுவில் ஒருவர் லங்காவியில் இரண்டு புட்டி ஒயின் வாங்கி, மதிய விருந்தில் திறக்கலாம் என்று பையில் வைத்துக்கொண்டு இறங்கினார். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் இரண்டு லிட்டர் வரை வரியின்றிக் கொண்டுவரலாம் என்பதை அவர் சரியாகவே படித்திருந்தார். மலேசியாவிலிருந்து நேரே வந்திறங்குவோருக்கு அந்தச் சலுகை இல்லை என்ற வரியை மட்டும் படிக்கவில்லை. கப்பல் முந்தின நாள் நின்ற இடம் கிள்ளான். சிங்கப்பூரில் ஒயினுக்கான தீர்வை, அதிலுள்ள தூய மதுச்சாரத்தின் ஒவ்வொரு லிட்டருக்கும் 88 வெள்ளி. 14 விழுக்காட்டுச் சாரமுள்ள 75 சென்டிலிட்டர்ப் புட்டி ஒன்றுக்கு அது 9 வெள்ளி 24 காசு ஆகிறது. அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. அவர் நேர்மையாகச் சிவப்பு வழியில் போய் அறிவித்துக் கட்டிவிட்டு வந்தார். தொகை பெரிதன்று. ஆனால் மற்ற ஏழு பேரும் வேனில் உட்கார்ந்து காத்திருந்த இருபத்தைந்து நிமிடங்களை யாரும் திருப்பித் தர முடியாது. பிழை எங்களுடையது, நாங்கள் அனுப்பிய குறிப்பில் உடை, காலணி, குடை எல்லாம் இருந்தன, புட்டியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

வரைபடம் சொன்ன வரிசை

அந்த நாளை நாங்கள் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டுதான் வகுத்திருந்தோம். முனையத்திலிருந்து கம்போங் கிளாம் வட்டாரம், அங்கே காலைக் கூட்டம் சேருமுன் அத்தர் கடை, அடுத்து லிட்டில் இந்தியாவின் தேக்கா, பூக்கடைகள், சந்தை, பிறகு மாடியறையில் விருந்து, வெயில் ஏறும் பிற்பகலில் குளிரூட்டப்பட்ட தேசியக் கலைக்கூடம், அங்கிருந்து கப்பல். ஒரு வட்டம், எங்கும் பின்வாங்காமல் முழுமையாகச் சுற்றி வரும். காகிதத்தில் அதைவிட ஒழுங்கான திட்டத்தை நான் போட்டதில்லை.

அத்தர் கடையில் நேரம் நன்றாகவே போயிற்று. ஆல்கஹால் கலவாத எண்ணெய் நறுமணங்களை விற்கும் பழைய கடை அது. சுல்தான் பள்ளிவாசலுக்குத் தொழ வருவோரும் சுற்றுப்பயணிகளும் ஒன்றாக நிற்பார்கள். பட்டை தீட்டிய கண்ணாடிக் குப்பியின் மூடியோடு ஒரு கண்ணாடிக் குச்சி இணைந்திருக்கும். கடைக்காரர் அந்தக் குச்சியைக் குப்பியின் வாயில் ஒருமுறை துடைத்து, வந்தவரின் மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு கோடு இழுப்பார். அடுத்த வாசனைக்கு ஒரு விரற்கடை மேலே அடுத்த கோடு. ரோஜா, சந்தனம், மல்லி, தாழம்பூ, கடைசியில் அகில். அரபு வழக்கில் ஊத் என்று அவர் சொன்னதும், அகில்தானே என்று குழுவில் ஒருவர் கேட்க, கடைக்காரர் அந்தச் சொல்லை எழுதி வாங்கிக்கொண்டார். ஒரு மணி நேரத்தில் எட்டுப் பேரின் இரண்டு கைகளிலும் மணிக்கட்டு முதல் முழங்கைவரை ஏணிப்படி போலக் கோடுகள். எல்லாரும் மகிழ்ச்சியாக இருந்தார்கள். தேக்காவில் பெண்கள் நால்வரும் மல்லிகை வாங்கித் தலையில் சூடிக்கொண்டார்கள். அந்த நிமிடத்தில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அக்கா மட்டும் மாடிப்படியின் உச்சியில் நின்று, குழு ஏறி வரும்போதே முகத்தைச் சுளித்தார்.

மாடியறையில் நடந்தது

விருந்து ஐந்து வகை, ஐந்து ஒயின். முதலில் வாழைப்பூ வடை. அதன் எண்ணெயையும் உப்பையும் அறுக்க, இனிப்பற்ற நுரைக்கும் வெள்ளை ஒயின். இரண்டாவது, கத்திரிக்காய்த் துவையலும் இட்லியும். மூன்றாவது மீன்தலைக் கறி. கேரளத்திலிருந்து இங்கு வந்த எம். ஜே. கோமெஸ் என்பவர், மீன்தலையை விரும்பும் சீன வாடிக்கையாளர்களுக்காக ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டுக்கு முன் செய்யத் தொடங்கியது என்று பரவலாகச் சொல்லப்படும் உணவு அது. ஆகவே கோயம்புத்தூரிலிருந்து வருபவருக்குப் பாதி தெரிந்ததாகவும் பாதி தெரியாததாகவும் இருக்கும். புளியும் மிளகாயும் சேர்ந்த அந்தக் குழம்புக்கு ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கிலிருந்து சற்றே இனிப்புள்ள ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினை அக்கா வைத்திருந்தார். நான்காவது மிளகுக் கோழி வறுவல், சைவர்களுக்குச் சேனைக்கிழங்கு வறுவல். அதற்குக் குளிர்ப் பகுதியில் விளைந்த ஷிராஸ் திராட்சையின் சிவப்பு ஒயின். கடைசியில் அடைப் பிரதமனோடு ஒரு மஸ்கட் இன ஒயின்.

அக்காவின் தேர்வுக்கு உறுதியான காரணங்கள் உண்டு. மிளகாயின் எரிவைத் தரும் கேப்சைசினும் மதுச்சாரமும் வாயில் ஒரே உணர்வியைத் தூண்டுகின்றன. சுடுபொருளை உணர்த்துவதற்காக உடல் வைத்திருக்கும் உணர்வி அது. சாரம் கூடிய ஒயினைக் காரத்தோடு குடித்தால் இரண்டும் சேர்ந்து எரியும். மோசலின் இவ்வகை ரீஸ்லிங்கில் சாரம் 8 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது, புளிப்பு குழம்பின் புளிக்கு ஈடுகொடுக்கிறது, மிச்சமிருக்கும் இனிப்பு எரிவைத் தணிக்கிறது. மிளகு வறுவலுக்கு ஷிராஸ் என்பதற்கோ இன்னும் நேரடியான காரணம்: மிளகின் வாசனைக்கு அடிப்படையான ரொட்டண்டோன் என்ற பொருளே அந்தத் திராட்சையிலும் இருப்பதை 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டறிந்து வெளியிட்டார்கள். கிண்ணத்தையும் தட்டையும் மாறி மாறி முகர்ந்தால் ஒரே வாசம் இரண்டிடத்திலும் எழும். அந்த வியப்புக்காகத்தான் முழு விருந்தும் அடுக்கப்பட்டிருந்தது என்றே சொல்லலாம்.

அந்த வியப்பு வரவில்லை. ஒயின் கிண்ணத்தைத் தண்டைப் பிடித்து உயர்த்தும்போது, மணிக்கட்டின் உட்புறம் மூக்குக்கு ஒரு சாண் தூரத்துக்கு வந்துவிடுகிறது. இதை நான் நூறு முறை பார்த்திருக்கிறேன், அன்றுதான் கவனித்தேன். எட்டுப் பேரும் ரீஸ்லிங்கை முகர்ந்தார்கள், எட்டுப் பேரும் முகர்ந்தது அகிலும் சந்தனமும்தான். எல்லாப் புட்டியும் ஒரே மாதிரிதான் இருக்கிறது தம்பி, கோவில் கருவறை வாசம் அடிக்கிறது என்றார் ஒருவர் சிரித்துக்கொண்டே. இரண்டு பேரைக் கைகழுவ அனுப்பினோம். சோப்புப் போட்டும் போகவில்லை. ஆல்கஹாலில் கரைத்த நறுமணம் சீக்கிரம் பறந்துவிடும், எண்ணெயில் இறங்கியது தோலைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்கும். அத்தரின் பெருமை என்று காலையில் நான் விளக்கிய அதே குணம், மதியம் எங்கள் கழுத்தைப் பிடித்தது.

அறையில் ஒயினைப் பற்றித் துல்லியமாகப் பேசியவர் ஒரே ஒருவர்தான். மோப்பம் குறைந்துபோன அந்த அம்மையார். முதல் ஒயின் நாக்கின் ஓரங்களைச் சுருக்குகிறது, மூன்றாவது நடுவில் உருண்டையாக நின்று பிறகு புளிப்பாக வடிகிறது, நான்காவது ஈறுகளை உலர்த்துகிறது என்று அவர் வரிசையாகச் சொல்ல, அக்கா தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். மற்றவர்கள் மூக்கை நம்பி ஏமாந்த இடத்தில், மூக்கை நம்ப முடியாத அவர் வாயை மட்டும் கவனித்திருந்தார். அவருடைய கைகளிலும் அத்தர் இருந்தது. அவரை அது தொந்தரவு செய்யவில்லை.

மது தொடாதவருக்கு நாங்கள் அதே வடிவக் கிண்ணத்தில் பானகம், நன்னாரி, மோர் என்று இணையாக ஊற்றினோம். வெல்லமும் சுக்கும் எலுமிச்சையும் சேர்ந்த பானகம் மீன்தலைக் கறிக்கு ரீஸ்லிங்கைவிடப் பொருந்துகிறது என்று பக்கத்தில் இருந்த இருவர் அவர் கிண்ணத்திலிருந்து குடித்துப் பார்த்துச் சொன்னார்கள். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை என்றாலும், அடுத்த குழு முதல் பானகம் எல்லாருக்கும் ஒரு மிடறு உண்டு.

இன்னொரு சிறு சங்கடமும் நேர்ந்தது. வாசனை கலந்த அறையிலிருந்து விலகி முகர்ந்து பார்க்கலாம் என்று ஒருவர் கிண்ணத்தோடு படியிறங்கி ஐந்தடி நடைபாதைக்குப் போய்விட்டார். லிட்டில் இந்தியா, 2013 டிசம்பர் 8 கலவரத்துக்குப் பின் 2015இல் நடப்புக்கு வந்த மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி தனிக் கட்டுப்பாட்டு வட்டாரம். சனிக்கிழமை காலை ஏழு மணியிலிருந்து திங்கள் காலை ஏழு மணிவரை அங்கே பொது இடத்தில் மது அருந்தக் கூடாது. கடைவாசலின் நிழல் வீட்டுத் திண்ணை போலத் தோன்றினாலும் அது பொது இடம். உணவகத்துக்காரரே ஓடிப்போய் அவரை உள்ளே அழைத்து வந்தார்.

காலையில் இழந்த இருபத்தைந்து நிமிடமும், கைகழுவலும் காற்றாட விடுதலுமாக விருந்து நீண்டதும் சேர்ந்து கலைக்கூடத்தைத் தின்றுவிட்டன. எட்டுப் பேரும் உண்ட மயக்கத்தில் முப்பத்தைந்து நிமிடம் அங்கே நடந்தார்கள்.

ஏன் அப்படி ஆயிற்று

மூக்கு சலிப்பது சில நிமிடங்களுக்குள் நடந்துவிடும் காரியம். பூக்கடையில் நிற்கிறவருக்குச் சற்று நேரத்தில் பூவாசம் தெரியாமல் போவது அதனால்தான். ஆனால் அன்றைய குழப்பத்தை அது மட்டும் முழுமையாக விளக்காது என்று நினைக்கிறேன். கொத்தமல்லி விதையின் வாசனையில் பெரும்பங்கு லினலூல் என்ற பொருளுடையது; அதே லினலூல் மல்லிகையில் உண்டு, மஸ்கட் இனத் திராட்சையில் உண்டு, கணக்கற்ற நறுமணக் கலவைகளிலும் உண்டு. தலையில் மல்லிகையோடு உட்கார்ந்து மஸ்கட் ஒயினை முகர்கிறவர், ஏற்கெனவே அந்தப் பொருளுக்குப் பழகிச் சலித்துப்போன மூக்கால் அதைத் தேடுகிறார். உணவு, ஒயின், நறுமணம் மூன்றையும் தனித்தனிக் கலைகளாக எண்ணித் தனித்தனி இடங்களில் வைத்தோம். மூலப்பொருளில் அவை ஒன்றுக்குள் ஒன்று புகுந்தவை. உணவின் சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதியே, மெல்லும்போதும் விழுங்கும்போதும் தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் மணம்தான்.

நறுமணக் கடைகளில் வாசனைக்கும் வாசனைக்கும் நடுவே காப்பிக்கொட்டையை முகரக் கொடுப்பார்கள். நாங்களும் ஒரு கிண்ணம் வைத்திருந்தோம். வெறும் காற்றைவிட அது மேலானது என்று சோதனைகளில் நிலைநாட்டப்படவில்லை; காப்பியும் ஒரு வலுத்த வாசனைதானே. அத்தர் படாத சட்டைத்தோளை முகர்ந்தாலே போதும், வாசலுக்குப் போய்ச் சற்று நின்றால் இன்னும் நல்லது. கிண்ணத்தை எடுத்துவிட்டோம்.

திருப்பிச் சுற்றிய வட்டம்

இரண்டாம் குழு ஏழு வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை வந்தது. சென்னையிலிருந்து ஆறு பேர், அவர்களின் உறவினராகப் பினாங்குத் தமிழர் இருவர். வரைபடத்தை ஒதுக்கிவிட்டு, மூக்கு எந்த நேரத்தில் எதைத் தாங்கும் என்பதைக் கொண்டு நாளை வகுத்தோம். முடிவில் வந்தது வேடிக்கையானது: இடங்கள் பெரும்பாலும் அவையே, வட்டமும் அதுவே, திருப்பிச் சுற்றியிருந்தோம். கப்பலிலிருந்து ஃபோர்ட் கேனிங் குன்று, பிறகு தேசியக் கலைக்கூடம், பிறகு தேக்காவில் விருந்து, அதன்பின் பூ, கடைசியில் அத்தர். வரிவிதி இப்போது குறிப்பின் முதல் வரி. அதற்கு அடுத்த வரி, காலையில் நறுமணம் எதுவும் பூசிக்கொள்ள வேண்டாம், பூவும் வேண்டாம் என்பது.

அந்த இரண்டாவது வரிக்குக் கிடைத்த பதிலை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. குழுவின் மூத்த அம்மா கணவரோடு வருகிறவர். பூ வைக்காமல் விருந்துக்கு வரச் சொல்கிறீர்களே, அது என்ன வழக்கம் என்று குரற்பதிவு அனுப்பியிருந்தார். கேள்வியில் நியாயம் இருந்தது. ஒயினுக்காகத் தமிழ்ப் பெண்ணிடம் பூவை எடுக்கச் சொல்லும் துணிச்சல் எங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று அக்காவே கேட்டார். நான் அழைத்துப் பேசினேன். விருந்து முடிந்த கையோடு கேம்பல் லேனில் அவர் கண்ணெதிரே கட்டிய சரத்தை நாங்களே வாங்கித் தருகிறோம், காலையில் கொண்டையில் ஒரே ஒரு செம்பருத்தி வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு வாசமில்லை என்றேன். ஒப்புக்கொண்டார். செம்பருத்தியைக் கப்பலில் எங்கே தேடினார் என்று தெரியவில்லை. கதம்பத் துணிப்பூ ஒன்றோடு இறங்கினார்.

காலைப் பகுதியைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். முதல் நாளில் இல்லாத ஒன்று இது. ஃபோர்ட் கேனிங் குன்றில் ராஃபிள்ஸ் 1822இல் ஒரு சோதனைத் தோட்டத்தைத் தொடங்கினார். சாதிக்காயையும் கிராம்பையும் இந்தத் தீவில் பயிராக்கி, நறுமணப் பொருள் வாணிகத்தில் டச்சுக்காரர்களின் பிடியைத் தளர்த்தும் நோக்கம். அந்தத் தோட்டம் நிலைக்கவில்லை. ஆனால் சாதிக்காய் பரவியது. இன்று கடைத்தொகுதிகள் நிற்கும் ஆர்ச்சர்ட் சாலைப் பக்கம் சாதிக்காய்த் தோட்டங்களாக இருந்தது, பின்னர் 1850களில் நோய் தாக்கி அவை அழிந்தன. குன்றின் சரிவில் இப்போதிருக்கும் சிறிய நறுமணத் தோட்டத்தில், உதிர்ந்து கிடந்த ஓர் இலையைக் கசக்கி எட்டுப் பேருக்கும் கொடுத்தேன். காலை ஒன்பது மணி, மழை விட்ட காற்று, எதுவும் பூசாத கைகள். பினாங்கிலிருந்து வந்தவர் இது எங்கள் வீட்டுச் சாதிக்காய்ச் சர்பத் என்று உடனே சொன்னார். மூத்த அம்மாவுக்கு அது பிரசவ மருந்துப் பெட்டியின் வாசம். ஒரே இலை, இரண்டு வீடுகள்.

குன்றின் அடியில் தேசிய அரும்பொருளகத்தை ஒட்டி ஆளுயரத்துக்கும் மேலான ஒரு மிளகாய்ச் சிற்பம் நிற்கிறது. கிள்ளானில் பிறந்து சிங்கப்பூரில் பணியாற்றும் குமாரி நாகப்பனுடையது. ஆர்ச்சர்ட் சாலையில் அயன் கடைத்தொகுதியின் வாசலில் இருக்கும் வெண்கலச் சாதிக்காயும் சாதிப்பத்திரியும் அவர் செய்தவைதான். தோட்டம் அழிந்த இடத்துக்கு அதன் காயையே வெண்கலமாகத் திருப்பி வைத்திருக்கிறார். நேரத்தைக் கருதி ஆர்ச்சர்ட் சாலைக்குப் போகவில்லை. மிளகாயின் அருகில் நின்றே அதைச் சொன்னேன். உணவும் நறுமணமும் கலையும் ஒரே பொருளில் சேரும் இடத்தைத் தேடி நாங்கள் ஒரு மாதம் அலைந்திருக்கிறோம். அது தெருவில், கட்டணமின்றி நின்றுகொண்டிருந்தது.

கலைக்கூடம் பத்து மணிக்குத் திறக்கிறது. பழைய நகர மண்டபமும் பழைய உச்ச நீதிமன்றமும் இணைக்கப்பட்டு 2015 நவம்பரில் திறக்கப்பட்ட அந்தப் பெருங்கட்டடத்தை முழுதும் காட்ட முயல்வது வீண். தொண்ணூறு நிமிடத்தில் ஏழெட்டுப் படங்களுக்கு மேல் நான் நிறுத்துவதில்லை. லியூ காங், சென் வென் ஷி, சியோங் சூ பியெங், சென் சோங் ஸ்வீ ஆகிய நால்வரும் 1952இல் பாலித் தீவுக்குச் சென்று வந்ததிலிருந்து பேச்சைத் தொடங்கினேன். அதுவும் கடல் கடந்து போய் வந்த பயணம் என்பதால் கேட்பவர்கள் எளிதாக ஒட்டிக்கொண்டார்கள். லியூ காங்கின் கோடுகள் பாத்திக் துணியில் மெழுகு விட்ட இடம் போல வெள்ளையாக நிற்பதைச் சேலை அறிந்த கண்கள் நான் காட்டுமுன்பே கண்டுகொண்டன. ஜார்ஜெட் சென் வரைந்த வெப்பமண்டலப் பழங்களின் முன் நின்றபோது, டுரியானை வரைகையில் அறைக்குள் எப்படித் தாங்கினார் என்று ஒருவர் கேட்டார். எம்ஆர்டி ரயிலில் கொண்டுபோகக் கூடாத பழம் கலைக்கூடத்துக்குள் பத்திரமாக இருக்கிறது என்றேன். பசியோடு பார்த்த படங்கள் மனத்தில் நிற்கின்றன என்பது என் அனுபவம். உண்டபின் பார்த்த முதல் குழுவிடம் பின்னாளில் கேட்டபோது, ஒரு படத்தையும் அவர்களால் சொல்ல முடியவில்லை.

விருந்தில் ஒயினை ஐந்திலிருந்து மூன்றாகக் குறைத்தோம். ஒவ்வொன்றும் 50 மில்லிலிட்டர் என்றாலும், ஐந்து சேர்ந்தால் கால் லிட்டர், அதில் 25 கிராமை ஒட்டிய மதுச்சாரம். பகலில், 31 பாகை வெயிலுக்கு வெளியே போகவிருக்கும் அறுபது வயதுக்காரருக்கு அது மிகை. நுரைக்கும் ஒயின், ரீஸ்லிங், ஷிராஸ் இவை மட்டும் நின்றன. ஷிராஸைப் பரிமாறுமுன் சற்று நேரம் பனிக்கட்டித் தண்ணீரில் நிறுத்தினோம். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிப்பது என்ற விதி, 18 பாகையில் இருக்கும் ஐரோப்பியக் கல்வீட்டுக்கு எழுதப்பட்டது, தேக்கா மாடிக்கு அன்று. சமையலம்மா மிளகைப் பரிமாறும் நேரத்தில்தான் இடித்து வறுவலின்மேல் தூவினார். தட்டு மேசைக்கு வந்தது, கிண்ணம் உயர்ந்தது, மூன்று பேர் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பி அக்காவைப் பார்த்தார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குத்தான் ஏழு வாரம் காத்திருந்தார்.

வாங்குவதும் வாங்காததும்

அத்தரைக் கடைசிக்குத் தள்ளியதில் ஒரு கேள்வி எழுந்தது, அது வாசனையைப் பற்றியதன்று. ஒயின் அருந்தியவரை விலையுயர்ந்த பொருள் விற்கும் கடைக்கு அழைத்துப் போவது முறையா? அகில் எண்ணெய் ஒரு தோலா, ஏறக்குறைய 12 மில்லிலிட்டர், தரத்தைப் பொறுத்துச் சில நூறு வெள்ளியிலிருந்து பல ஆயிரம் வெள்ளிவரை போகும். விருந்தின் மகிழ்ச்சியில் கை தாராளமாகும் என்பது கடைக்காரருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். கடைகளிடமிருந்து தரகு வாங்குவதில்லை என்பது எங்கள் தொடக்க நாள் முடிவு. இப்போது அதோடு, விருந்துக்கும் கடைக்கும் இடையே பூக்கடையும் ஒரு தேநீரும் சேர்த்து முக்கால் மணி நேர இடைவெளியை வைத்தோம். முகர்ந்து பார்க்கையில் தோலில் இழுப்பதற்குப் பதிலாகக் காகிதப் பட்டையில் தொட்டு, பிடித்த ஒன்றை மட்டும் மணிக்கட்டில் வைக்கச் சொல்கிறோம். தோலின் சூட்டில் அரைமணி நேரம் கழித்து அது எப்படி மாறுகிறது என்று பார்த்துவிட்டு வாங்கலாம். அந்த அரைமணி நேரத்தில் பாதிப் பேர் மனம் மாறினார்கள். கடைக்காரருக்கு வருத்தம்தான், ஆனால் வாங்கியவர்கள் அறிந்து வாங்கினார்கள்.

அகிலைப் பொறுத்தவரை கடல்வழிப் பயணிக்கு இன்னொரு கணக்கும் தேவை. அந்த மரம் அருகி வருவதால் அதன் அனைத்துலக வாணிகம் சைட்டஸ் உடன்பாட்டின் இரண்டாம் பட்டியலில் கட்டுப்படுத்தப்படுகிறது. தனிப்பட்ட உடைமையாக ஒருவர் ஒரு கிலோ மரச்சில்லும் 24 மில்லிலிட்டர் எண்ணெயும் வரை அனுமதிச் சீட்டின்றிக் கொண்டுபோகலாம் என்பது அந்த உடன்பாட்டின் ஏற்பாடு. சில நாடுகள் இன்னும் கடுமையாக இருக்கலாம் என்பதால் அடுத்தடுத்த துறைமுகங்களின் விதியைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறோம். 24 மில்லி என்பது ஏறக்குறைய இரண்டு தோலா. மூன்றாவது தோலாவைக் கையில் எடுத்த பினாங்குக்காரர் அதைத் திரும்ப வைத்தார். புட்டி ஒயின் வாங்கியவர்களுக்கும் ஒரு சொல்: பெரும்பாலான கப்பல்கள் துறைமுகத்தில் வாங்கிய மதுவை ஏறும்போதே வாங்கி வைத்து, பயணம் முடியும் நாளில்தான் திருப்பித் தருகின்றன. அன்றிரவு அறையில் திறக்கலாம் என்ற எண்ணம் நடக்காது.

மூன்று மணிக்கு அராப் ஸ்திரீட்டில் மழை கொட்டியது. நடைபாதைக் கூரையின் கீழ் ஒதுங்கி நின்றதில் பதினைந்து நிமிடம் போயிற்று; நான்கரைக்கு முனையத்தில் இருந்தோம். குறை இல்லாமல் இல்லை. சைவ விருந்தினர் ஒருவர், சேனை வறுவல் கோழி வறுவலின் நிழலாகவே இருந்தது, தமக்கென்று யோசிக்கப்பட்டதாகத் தெரியவில்லை என்று எழுதினார். அது உண்மை. இப்போது சமையலம்மா மிளகு ரசத்தில் ஊறிய வடையைச் சோதித்துக்கொண்டிருக்கிறார். சூடான ரசமும் குளிர்ந்த ஷிராஸும் ஒரே வாயில் ஒத்துப்போகவில்லை, ஆறவிட்ட ரசம் சற்றுத் தேவலை.

மூன்றாம் குழுவின் முன்பதிவு வந்துவிட்டது. அதில் எழுபது வயதுப் பாட்டி ஒருவர், எழுந்தது முதல் படுக்கும்வரை மல்லிகை இல்லாமல் இருந்ததில்லை, இனியும் இருக்கப்போவதில்லை என்று பேத்தியைக் கொண்டு எழுதச் சொல்லியிருக்கிறார். இந்த முறை நான் அழைத்துப் பேசவில்லை. மாடியறையில் காற்று வெளியே இழுக்கும் மின்விசிறி ஒன்று சன்னலோரம் உண்டு. மேசையின் தலைப்பக்கத்தை அந்தச் சன்னலுக்குத் திருப்பிப் போட்டு, பாட்டியை அங்கே உட்கார வைப்பதாக இருக்கிறோம். மேசையைத் திருப்பினால் படிக்கட்டின் கதவு திறக்குமா என்று நாளை போய் அளந்து பார்க்க வேண்டும்.